ஏதென்ஸிலிருந்து பாய்மரப் படகு: வாடகைக்கு எடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத்தில் சொந்தப் படகை வைத்துத் தொழில் செய்யும் குடும்பங்கள் நிறைய உண்டு. கணவர் கேப்டன், சமையலும் உபசரிப்பும் மனைவி பொறுப்பு. படகு 40 முதல் 50 அடி நீளம் இருக்கும். சனிக்கிழமை மாலை ஏறினால் அடுத்த சனிக்கிழமை காலை இறங்கிவிட வேண்டும். பெரிய கம்பெனிகளிடம் கிடைக்காத கவனிப்பு இங்கே கிடைக்கும். ஆனால் முதல்முறை எடுப்பவர்கள் கோடைக்குக் கோடை ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தொப்பி, சன்ஸ்கிரீன் மறப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதற்குத் தீவுக்குத் தீவு கடை இருக்கிறது.

ஆகஸ்டில், ஒரே வாரத்தில் சாண்டோரினி

பணத்தையும் நிம்மதியையும் சேர்த்துக் கரைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திட்டத்தோடு வருபவர்கள் கையில் அதே வரைபடம்: ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, ஏதென்ஸ். விமான டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்ற வடகாற்று அடிக்கும். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கி பக்கம் தாழ்வழுத்தம்; இரண்டுக்கும் நடுவே காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. அந்தத் துருக்கித் தாழ்வழுத்தம், நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கும் ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி. அதனால் இதை எப்போதோ வரும் புயலாக நினைக்கக் கூடாது. பருவத்துக்கே உரிய காற்று அது. ஒருமுறை பிடித்தால் இரண்டு மூன்று நாள் நிற்காது, சில சமயம் ஒரு வாரமும் ஓடும். காற்றின் பலத்தை எண்ணில் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம். 7 என்பது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். தீவுகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் இன்னும் கூடும். டினோஸ்–மிக்கோனோஸ் கால்வாயும் ஆன்ட்ரோஸுக்கு வடக்கேயுள்ள கஃபிரேயஸ் நீரிணையும் இதற்குப் பேர்போனவை.

பலர் ஏமாறுவது வானத்தைப் பார்த்து. மெல்தெமி அடிக்கும்போது மேகம் இருக்காது, மழை இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். கித்னோஸ் தீவின் மெரிஹாஸ் துறையில் படகு கட்டியிருக்கும், துறைக்குள் தண்ணீர் அலுங்காது, கரையில் காபி குடித்துக்கொண்டே, "இவ்வளவு நல்ல வெயில், ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறார்?" என்று கேப்டனைப் பற்றி முணுமுணுப்பார்கள். தீவின் முனையைத் தாண்டினால் இரண்டு மீட்டர் அலை. தீவு மறைப்பதால் துறையிலிருந்து அது தெரியாது.

இனி கணக்கு. ஏதென்ஸின் அலிமோஸ் மெரினாவிலிருந்து (உல்லாசப் படகுகள் நிற்கும் துறை) சாண்டோரினிக்கு ஏறத்தாழ 125 கடல் மைல். போகும்போது காற்று பின்பக்கம். படகு 6, 7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும், யாருக்கும் கஷ்டம் தெரியாது. திரும்பும் பாதை வடமேற்கு, காற்றோ வடக்கு. பாயைப் பாதி சுருக்கிய வாடகைப் படகு, காற்றின் திசையிலிருந்து 50 டிகிரியாவது விலகினால்தான் ஓடும். அலை வேறு பக்கவாட்டில் தள்ளும். நேர்க்கோட்டில் வர வழியில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்துதான் ஏற வேண்டும். 125 மைல் 150-ஐத் தாண்டிவிடும். ஏஜியனின் குட்டையான, செங்குத்தான அலையில் 4 நாட் கிடைத்தாலே நல்லது. அப்படியானால் 38 மணி நேரம். வாந்தி எடுக்கும் பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள். ஆக, திரும்பி வர மட்டும் ஆறு நாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகு மெரினாவில் நிற்க வேண்டும் என்பதால், முழு வாரத்திலும் ஓடுவதற்கு இருப்பதே ஆறு நாள்தான்.

எஞ்சினைப் போட்டு நேராக வரலாமே என்பார்கள். இந்த அளவுப் படகில் பெரும்பாலும் 40 முதல் 60 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்தான். எதிரலையில் முகப்பு ஒவ்வொரு முறையும் தொம்மென்று விழும், வேகம் 3 நாட்டுக்கு இறங்கும், டீசல் மட்டும் தாராளமாகக் குடிக்கும்.

அனுபவமுள்ள கேப்டன் செவ்வாய்க்கிழமையே முன்னறிவிப்பைப் பார்த்து, "இங்கிருந்து திரும்பிவிடலாம்" என்பார். அங்கேதான் சண்டை ஆரம்பம். காசு கொடுத்தவர் நாம், போகச் சொன்னால் போக வேண்டியதுதானே என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை வாசித்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பில் கடைசி வார்த்தை கேப்டனுடையது என்று அதில் தெளிவாக இருக்கும். அவரை நச்சரித்து இன்னும் தெற்கே போனால் முடிவு இரண்டில் ஒன்று. ஒன்று, குடும்பம் தீவிலேயே இறங்கிக் கப்பல் டிக்கெட் எடுத்துத் திரும்பும். மீதி நாட்களின் வாடகை திரும்பாது, படகைக் கொண்டுவரும் செலவையும் சில ஒப்பந்தங்கள் உங்கள் தலையிலேயே கட்டும். அல்லது படகு தாமதமாகத் திரும்பும். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் இருமடங்கு தினவாடகை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. காற்று மிகவும் மோசமானால் அதிவேகக் கப்பல்களும் நின்றுவிடும். விமானமும் போச்சு.

இத்தனைக்கும் சாண்டோரினி படகுக்கு உகந்த இடமே அல்ல. எரிமலைக் குழிக்குள் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம். பெரும்பாலான இடங்களில் நங்கூரம் எட்டாது. தெற்கே விலிஹாடா துறை சிறியது, வாயிலில் மணல் சேரும், கோடையில் இடம் கிடைப்பது அரிது. அந்தத் தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் படகுப் பயணத்துக்கு முன்போ பின்போ இரண்டு நாள் ஒதுக்கிக் கப்பலில் போய்வாருங்கள்.

ஆகஸ்டுதான் விடுமுறை என்றால் ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடா போதும்: ஏஜினா, எபிடாவ்ரோஸ், போரோஸ், ஹைட்ரா. தூரம் குறைவு, நிலம் காற்றை ஓரளவு மறைக்கும். (ஹைட்ராவின் துறை சின்னது, மதியத்துக்குமேல் போனால் படகுகள் மூன்று வரிசையாக நிற்கும், காலையில் ஒருவர் நங்கூரச் சங்கிலி இன்னொருவருடையதோடு பின்னிக்கிடக்கும். சீக்கிரம் போய்விடுங்கள்.) அல்லது மேற்குக் கரைக்கு மாறி லெஃப்கடாவிலிருந்து மெகனிசி, இத்தாக்கா, கெஃபலோனியா. அங்கே மதியம் எழும் வடமேற்குக் காற்று பெரும்பாலும் பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். மிக்கோனோஸ், சாண்டோரினி எல்லாம் அடங்கிய சைக்ளாடிஸ் தீவுக்கூட்டம்தான் வேண்டுமென்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர் பிற்பகுதி. அப்போதும் ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோ துறைமுகத்திலிருந்து கிளம்புங்கள். கேயா தீவு அங்கிருந்து 15 மைலுக்குள்தான், அலிமோஸைவிட அரைநாள் மிச்சம். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு நாள், திரும்ப இரண்டு பங்கு என்று ஒதுக்குங்கள். தீவின் பெயரைச் சொல்லி முன்பதிவு செய்யாமல், "இந்த வாரத்தில் காற்று எந்தப் பக்கம் விடும்?" என்று கேப்டனிடமே கேளுங்கள்.

படுக்கையை எண்ணி ஆளைச் சேர்ப்பது

விளம்பரத்தில் 8+2 என்றிருந்தால், நான்கு கேபினில் எட்டுப் பேர், நடுக்கூடத்து மேசையை இறக்கினால் இன்னும் இரண்டு பேர். அதில் படகுக்காரர் குடும்பத்துக்கு ஒரு கேபின் போய்விடும். உங்களுக்கு மூன்று, அதாவது ஆறு பேர். நடுக்கூடத்தில் படுப்பவர் எல்லோரும் தூங்கும்வரை விழித்திருந்து, முதல் ஆள் காபி போடும்போது எழுந்துவிட வேண்டும். தாத்தா பாட்டியை அங்கே போடாதீர்கள்.

வாடகைதான் மொத்தச் செலவு என்று நினைப்பது

டீசல், துறைக் கட்டணம், தண்ணீர், கடைசிநாள் சுத்தம், படுக்கை விரிப்பு, ரப்பர் படகின் மோட்டார் ஆகியவை பெரும்பாலும் தனி. சாப்பாட்டுப் பொருள்கள் உங்கள் செலவு என்றால் படகுக்காரர் குடும்பத்தின் சாப்பாடும் அதில் அடக்கம் என்பதுதான் வழக்கம். எது உள்ளே, எது வெளியே, வரி சேர்ந்ததா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

உரிமம் பார்க்காமல் முன்பணம்

தனிப்பட்ட உபயோகத்துக்குப் பதிவான படகைத் தெரிந்தவர் மூலம் மலிவாக வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. விபத்தானால் காப்பீடு செல்லாமல் போகலாம். கடலோரக் காவல்படை சோதனையில் மாட்டினால் பயணம் அன்றோடு நின்றுவிடும். வணிகப் பதிவுச் சான்றும், வாடகைப் பயணத்தையும் உள்ளடக்கிய காப்பீட்டுச் சான்றும் கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் குடும்பம் தயங்காமல் அனுப்பும்.

சூட்கேஸ்

வைக்க இடம் கிடையாது. மடிக்கக்கூடிய துணிப் பை.

ரைஸ் குக்கர்

கரையில் மின்சாரம் செருகாதவரை படகில் 12 வோல்ட்தான். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது போனுக்கும் லேப்டாப்புக்கும். குக்கர், கெட்டில், ஹேர் டிரையர் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். சோறு வேண்டுமென்றால் இரண்டு மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் எடுத்துவாருங்கள். காஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

தண்ணீரும் கழிவறையும்

தொட்டி 400 லிட்டர் என்று வையுங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் ஐந்து நாள் வரும். ஒருவர் பத்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டால் அறுபது லிட்டர் காலி. கடலில் குளித்துவிட்டு, கடைசியில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வதுதான் முறை. கழிவறைக் குழாயின் விட்டம் நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு. டிஷ்யூ, ஈரத்துடைப்பான், முடி எது போனாலும் அடைக்கும், காகிதம் கூடைக்குள்தான்.

ஒற்றை நுழைவு விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் மறந்துபோகும் விஷயம். கோஸ் தீவிலிருந்து எதிரே துருக்கியின் போட்ரும் தெரிகிறதே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். துருக்கி ஷெங்கன் பகுதியில் இல்லை, அல்பேனியாவும் இல்லை. ஒற்றை நுழைவு விசாவில் வெளியே போனால் படகு திரும்பும், நீங்கள் திரும்ப முடியாது.

பிள்ளையின் எடையைச் சொல்லாமல் விடுவது

குழந்தைகளின் லைஃப் ஜாக்கெட் வயதைப் பார்த்து வருவதில்லை, கிலோவைப் பார்த்து வருகிறது. முன்பதிவு செய்யும்போதே ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் எழுதி அனுப்புங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிச் சமாளிக்க முடியாது; தண்ணீரில் விழுந்தால் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். ஏறிய அன்றே போட்டுப் பார்த்து, தொடைக்கு நடுவே வரும் பட்டையை மாட்டி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் சின்னதாக வேறு கேளுங்கள். மெரினாவை விட்டுக் கிளம்பிய பிறகு எங்கும் கிடைக்காது.