அமெரிக்காவில் வசிக்கும் அம்மா அப்பா வீட்டிலிருந்தே மருத்துவ ஆய்வில் சேர்வது எப்படி?

சர்க்கரை நோயும் மாரடைப்பும் தெற்காசியர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கான மருந்துகளைச் சோதிக்கும் அமெரிக்க ஆய்வுகளில் நம்மவர்கள் மிகக் குறைவு. தூரமும் மொழியும் பெரிய தடைகள்.

தூரத்துக்கு வழி பிறந்துவிட்டது. 2020-இல் தொடங்கிய சீஃப்-ஹெச்எஃப் ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ள 476 பேர் ஆய்வு மையத்துக்கே போகாமல் பங்கேற்றார்கள். கானாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மருந்தில்லாத மாத்திரையோ வீடு தேடி வந்தது. நடையைக் கையில் கட்டும் ஃபிட்பிட் கருவி கணக்கெடுத்தது.

1. தேடுங்கள்

மருத்துவ ஆய்வுகளைப் பட்டியலிடும் அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் தளத்தில் நோயின் பெயரையும் 'ரிமோட்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் போட்டு, 'ரெக்ரூட்டிங்' (ஆள் சேர்க்கிறார்கள்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த ஆய்வின் என்சிடி எண்ணை, அதாவது அந்தத் தளத்தில் அதற்குள்ள பதிவு எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தில் இருப்பதாலேயே அரசு அதைச் சரிபார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை.

2. டாக்டரிடம் காட்டுங்கள்

என்சிடி எண், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துப் போங்கள். ஊரிலிருந்து வரவழைக்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

3. ஒப்புதல் படிவம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதனால் வீடியோ அழைப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மகனோ மகளோ சுருக்கிச் சொல்வது போதாது; பக்கவிளைவு பற்றிய பத்தியைத்தான் நாம் முதலில் விட்டுவிடுவோம்! எல்லாம் கேட்டபின், "நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுங்கம்மா" என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். கருவிக்கும் இன்டர்நெட்டுக்கும் யார் பணம் தருவார்கள், தகவல்களை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது.

4. வீட்டில் பிபி பார்ப்பது

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பிபி கருவியின் பட்டையைப் புடவை ரவிக்கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றுங்கள். கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று: நீங்கள் அனுப்பும் அளவுகளை யாரோ உடனுக்குடன் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் ஆய்வுக் குழுவுக்கு மெசேஜ் போடாமல், முதலில் 911-ஐ அழையுங்கள்.