பைக் ஃபிட்டிங்: போவதற்கு முன், போனபின்

பைக் ஃபிட்டிங்குக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது "வண்டிக்கு என்ன மாட்டப் போற, கிராஷ் கார்டா?" என்று கேட்டார்கள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தானே. நான் சொல்வது சைக்கிளை உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிற வேலை. ரெடிமேட் சட்டையை வாங்கித் தையற்கடையில் ஆல்டர் செய்வது மாதிரி. சட்டை ரொம்பப் பெரிசாக இருந்தால் எந்த டெய்லராலும் ஒன்றும் செய்ய முடியாது, இங்கேயும் அப்படித்தான். அதனால் புது சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே ஃபிட்டரிடம் போங்கள். உங்களுக்கு எந்த ஃப்ரேம் சைஸ் சரி என்பதை அவர் சொல்லிவிடுவார்.

அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பணக்காரச் சேட்டையாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நிமிடத்துக்கு 80 சுற்று என்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் ப்ரெவே, அதாவது கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டப் போகிறவருக்கு இதுவே சுமார் 50,000 முறை ஆகிவிடும். கடைக்கும் வீட்டுக்கும் போகையில் தெரியாத அரை சென்டிமீட்டர் தப்பு அங்கே நன்றாகத் தெரியும்.

வாரத்தில் இரண்டு நாள் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவர் காசைச் செலவழிக்க வேண்டாம், சீட் உயரத்தை மட்டும் நீங்களே சரி செய்துகொள்ளுங்கள். சுவரை ஒட்டி வெறுங்காலில் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட்டில் உட்காருவது போல நன்றாக மேலே இறுக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உங்கள் உள்கால் அளவு கிடைக்கும். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இவ்வளவு இருக்க வேண்டும். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் புழங்குகிற கணக்கு இது, ஆரம்பிக்க ஓர் இடம், அவ்வளவுதான். அப்புறம் குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடக் கூடாது.

சரி, இதையும் தாண்டி வலிக்கிறது, அல்லது நீண்ட தூரம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஃபிட்டரைப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போதே சில கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது. சைக்கிளில் ஏற்றுவதற்கு முன் உடம்பு எவ்வளவு வளைகிறது என்று சோதிப்பாரா, கடைசியில் அளவுகளை எழுதித் தருவாரா, சில வாரம் கழித்து மறுபடி வந்தால் பார்ப்பாரா, எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், ஓட்டிய அனுபவம் உண்டா. ரெட்டூல் போல உடம்பில் குறிகளை ஒட்டி அசைவை அளக்கும் கருவி இருக்கிறதா என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். கருவி கோணத்தைச் சொல்லும், உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று அதற்குத் தெரியாது.

நான் கோட்டை விட்டதும் அங்கேதான். முதல் தடவை ஃபிட்டர் "எங்கேயாவது மரத்துப் போகிறதா?" என்று கேட்டபோது வெட்கப்பட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். மரத்துப் போனது உட்காருகிற இடம். அவரும் சீட்டைத் தொடாமல் மற்றதையெல்லாம் சரி செய்து அனுப்பினார், அடுத்த மாதமே திரும்பப் போய் நின்றேன். டாக்டரிடம் சொல்வது போலச் சொல்லிவிடுங்கள். எந்த இடம், எத்தனையாவது கிலோமீட்டரில், ஏறும்போதா சமதரையிலா என்று இரண்டு வாரம் குறித்து வைத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், பின்பக்கம் இழுத்தால் உயரமாக இருக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உடம்பின் பாரம் கையில் விழுந்து நரம்பை அழுத்துகிறது.

போகும்போது வழக்கமாகப் போடும் ஷூ, பேடு வைத்த ஷார்ட்ஸ், உங்கள் பெடல் எல்லாம் எடுத்துப் போங்கள். சைக்கிளைக் கழுவி எடுத்துப் போவது மரியாதை. முந்தின நாள் நூறு கிலோமீட்டர் ஓட்டிக் களைத்துப் போய் நிற்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ட்ரெய்னர் ஸ்டாண்டில் நிஜமாகவே மிதிக்கச் சொல்வார்கள்.

ரோடு பைக்கில் வேலை கீழிருந்து மேலே போகும். முதலில் ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட், பிறகு சீட்டின் உயரம், சீட்டின் முன்பின் இடம், கடைசியில்தான் ஹேண்டில்பார். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருப்பது பொதுவான இலக்கு. கிளீட்டில், பாதம் கொஞ்சம் திரும்ப இடம் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் வகையில் மஞ்சள் முனை உள்ள கிளீட் 6 டிகிரி விடும், நீலம் 2, சிவப்பு அசையவே விடாது. முழங்கால் பிரச்சினை உள்ளவர் சிவப்புப் பக்கமே போக வேண்டாம். எடுத்த எடுப்பில் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, பந்தய வீரர் மாதிரி உட்கார வைக்கிற ஃபிட்டர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

மலைச் சைக்கிள் வேறு கதை. ரோட்டில் மணிக்கணக்கில் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்போம், மலைத் தடத்தில் பாதி நேரம் எழுந்து நின்று உடம்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருப்போம். அதனால் முதலில் சஸ்பென்ஷன். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். மலைத் தடத்தில் ஓடும் ட்ரெயில் சைக்கிளுக்கு, ஷாக் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் வழக்கம். அது தப்பாக இருந்தால் சீட் பின்னால் சாய்ந்துவிடும், அதன் மேல் எடுத்த அளவெல்லாம் வீண். பிறகு ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட்டை இறக்கி, பெடல்மேல் எழுந்து நிற்கச் சொல்லிப் பார்ப்பார். நிற்கும்போது மணிக்கட்டு ஒடியாமல் ஒற்றை விரல் பிரேக்கில் போய் விழ வேண்டும். ஹேண்டில்பார் 760, 800 மில்லிமீட்டர் என்று அகலமாகவே வரும், தோள் குறுகியவர் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

இரண்டு சைக்கிளும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் அளவை அப்படியே மற்றதில் போடக் கூடாது. சீட் உயரம் மட்டும் ஓரளவு ஒத்துப் போகும், அதிலும் கிராங்க் நீளத்தைக் கவனிக்க வேண்டும். ரோடு பைக்கில் 170, எம்டிபியில் 175 என்றால் பெடல் 5 மில்லிமீட்டர் கீழே போகிறது, சீட்டையும் அவ்வளவு இறக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் புது நிலை விநோதமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டுங்கள். அதற்குள் எல் கீயை எடுக்காதீர்கள். 1969 இல் பிரான்சின் ப்ளுவா நகரத்துப் பந்தயத் தடத்தில் விழுந்து அடிபட்ட பிறகு பெல்ஜியத்தின் பெரும் பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் சீட்டை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார், ஓட்டத்தின் நடுவில்கூட. அவர் மெர்க்ஸ், நமக்கு அது கட்டுப்படியாகாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் ஓரிரு மில்லிமீட்டர். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் கார்பனாக இருந்தால், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்க வேண்டாம்.

சீட் போஸ்ட் உள்ளே நுழையும் இடத்தில் எலெக்ட்ரிக் டேப் ஒரு சுற்று, கிளீட்டைச் சுற்றி ஷூவில் பெயிண்ட் மார்க்கர் கோடு, இரண்டையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். சைக்கிளைப் பெட்டியில் கட்டி ரயிலில் ஏற்றும் நாளில் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறீர்கள், திரும்ப மாட்டும்போது இந்தக் குறிகள்தான் பழைய இடத்தைக் காட்டும்.