பாரோவா, லெண்டா?

"பாரோ மீ யுவர் பென்." கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் அடிக்கடி காதில் விழும் ஆங்கில வாக்கியம். கேட்பவருக்குப் புரியும், பேனாவும் கிடைக்கும்; தேர்வுத்தாளில்தான் புள்ளி போகும். மலாய்ப் பேச்சு வழக்கில் 'பின்ஜாம்' (இரவல்) என்ற ஒரே சொல் வாங்குவது, கொடுப்பது என இரு திசைக்கும் ஓடுவதால் வரும் குழப்பம் இது.

தமிழை அளவுகோலாக வையுங்கள். 'இரவல் வாங்கு' என்றால் பாரோ, 'இரவல் கொடு' என்றால் லெண்ட். கைமாறும் பொருள் ஒன்றுதான், யார் பக்கமிருந்து பேசுகிறோம் என்பதே வேறு.

பிறகு பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். பாரோவுக்கு 'ஃப்ரம்': "ஐ பாரோட் 50 ரிங்கிட் ஃப்ரம் மை அங்கிள்." லெண்டுக்கு 'டு'. அல்லது பெறுபவரை நேராக ஒட்டலாம்: "லெண்ட் மீ 50 ரிங்கிட்." பாரோவோடு 'மீ'யை இப்படி ஒட்ட முடியாது, முதல் வாக்கியம் சறுக்குவது அங்கேதான். "கேன் ஐ பாரோ யுவர் பென்?" அல்லது "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?" இரண்டும் சரி. இப்படி இரவல் கேட்கும்போது 'ஐ' வந்தால் பாரோ, 'யூ' வந்தால் லெண்ட்.

லெண்டின் இறந்தகாலத்தில் கடைசி எழுத்து மட்டும் மாறும்: ஆங்கில அகரவரிசையின் 4ஆம் எழுத்து (d) போய் 20ஆம் எழுத்து (t) வரும். 'லெண்டட்' என்று எழுதினால் பிழை.

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில்) கழிவறை கேட்க பாரோ வேண்டாம், 'யூஸ்' போதும். அதைத் தூக்கிக்கொண்டா போகப்போகிறோம்? வாடகைக் காருக்கு 'ரெண்ட்'. வங்கிப் பணத்துக்கு வட்டி கட்டினாலும், அது பாரோதான்.