பரீட்சை அட்டை போதும், உராய்வை வீட்டிலேயே அளக்கலாம்

உராய்வு என்றால் என்ன என்று கேட்டால், 'இயக்கத்தை எதிர்க்கும் விசை' என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். எவ்வளவு எதிர்க்கிறது என்று கேட்டால்தான் முழிக்கும். அதை அளக்க ஆய்வகம் வேண்டாம். பரீட்சை அட்டை, பிரிக்காத சோப்பு ஒன்று (அட்டைப்பெட்டியோடு), ஸ்கேல், கொஞ்சம் கேரம் பவுடர் இருந்தால் சரி.

படி 1: சரிவை அளப்பது

பரீட்சை அட்டையை மேசைமேல் வையுங்கள். கிளிப் இருக்கும் பக்கம் மேலே தூக்கும் பக்கம். கீழ் ஓரம் நழுவாமல் ஒரு தடித்த புத்தகத்தை முட்டுக் கொடுங்கள். கிளிப்புக்குச் சற்றுக் கீழே சோப்புப் பெட்டியைப் படுக்க வைத்து, அட்டையை மெல்ல மெல்லத் தூக்குங்கள். கை குலுங்கினால் கணக்கு கெட்டுவிடும். பெட்டி நகரத் தொடங்கிய அந்த நொடியில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரை அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு அளவுகள் தேவை. மேல் ஓரம் மேசையிலிருந்து எவ்வளவு உயரம்? அந்த ஓரத்துக்கு நேர் கீழே மேசையில் ஒரு புள்ளி வைத்தால், கீழ் ஓரத்திலிருந்து அதுவரை எவ்வளவு தூரம்? உயரத்தைத் தூரத்தால் வகுங்கள். (அட்டையின் நீளத்தால் வகுத்துவிடாதீர்கள், அது வேறு கணக்கு.) உயரம் 13 செ.மீ., தூரம் 32.5 செ.மீ. என்றால் விடை 0.4. இதற்குப் பெயர் நிலை உராய்வுக் குணகம். அதே அட்டை சமமாகக் கிடந்தால், சோப்பின் எடையில் பத்தில் நான்கு பங்கு விசையாவது கொடுத்தால்தான் பெட்டி அசையும். நாலைந்து தடவை செய்து சராசரி எடுங்கள்.

படி 2: முதலில் ஊகம், பிறகு சோதனை

சோப்பை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை வைத்தால் எப்போது வழுக்கும்? ஊகத்தை ஒரு தாளில் எழுதிவிட்டுச் செய்து பாருங்கள். ஏறக்குறைய அதே சரிவில்தான் வழுக்கும். எடை குறைந்ததால் கீழே இழுக்கும் விசை குறைகிறது, அட்டையை அழுத்தும் விசையும் அதே அளவு குறைகிறது.

அடுத்து, சோப்பை உள்ளே போட்டு, பெட்டியைக் குறுகலான பக்கத்தில் நிறுத்துங்கள். தொடும் பரப்பு குறைந்தும் சரிவு பெரிதாக மாறாது. இதை நம்பத்தான் மனசு வராது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பு, நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகளின் நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. பெட்டியை ஒருக்களித்தால் எடை முழுவதும் குறைவான நுனிகள்மேல் விழுகிறது, அவை இன்னும் நசுங்குகின்றன, நிஜமாகத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட அதேதான். எடைக்கு ஏற்ற அளவில்தான் உராய்வு இருக்கும், தொடும் பரப்பால் அது மாறாது என்ற இந்த இரண்டு விதிகளையும் பிரான்சின் விஞ்ஞானி கியோம் அமோன்டன் 1699-இல் வெளியிட்டார். லியனார்டோ டா வின்சி அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே தன் குறிப்பேட்டில் எழுதி, வெளியிடாமலே விட்டுவிட்டார்.

படி 3: நகர்ந்த பிறகு

பெட்டி வழுக்கத் தொடங்கியதும் அட்டையைச் சற்றே தாழ்த்துங்கள். நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நகரும் பொருளுக்கு உராய்வு குறைவு என்பதுதான் காரணம். பீரோவைத் தள்ளும்போது முதல் அசைவுக்குத்தானே மூச்சு வாங்குகிறது? பைக்கில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருப்பதும் இதனால்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்தபடி போனால் பிடிப்பு குறையும், வண்டியும் நம் சொல் கேட்காது. அதனால் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரத்தை உருள வைக்கிறது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதல் இது கட்டாயம்.

படி 4: பவுடரும் ஈரமும்

அட்டைமேல் கேரம் பவுடரைத் தூவித் தேய்த்துவிட்டு மறுபடி அளங்கள். எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

வீடு கட்டியபோது மிஞ்சிய தரை டைல்ஸ் ஒன்று இருந்தால் அதன்மேல் ரப்பர் செருப்பை வைத்து இதையே செய்யலாம். முதலில் காய்ந்த நிலையில், அப்புறம் சோப்புத் தண்ணீர் ஊற்றி. ரப்பர் அமோன்டன் விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது, ஆகவே வருவது தோராய எண்தான். தண்ணீர் வடிய வழிவிடும் பள்ளங்கள் தேய்ந்துபோன பழைய செருப்பையும் புதுச் செருப்பையும் அடுத்தடுத்து வையுங்கள். ஈரத்தில் 0.25-ஐக்கூட எட்டாத செருப்பை நானாக இருந்தால் குளியலறைப் பக்கமே விடமாட்டேன்.