அப்பாச்சியை ஒருமுறை கம்பைல் செய்யுங்கள், மாட்யூல்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்

டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரே கட்டளையில் அப்பாச்சி வெப் சர்வர் வந்து இறங்கிவிடும், பலருக்கு அதுவே போதும். டிஸ்ட்ரோ தருவதைவிடப் புதிய பதிப்பு வேண்டும், அல்லது உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாமே முடிவு செய்யவேண்டும் என்றால் சோர்ஸிலிருந்துதான் (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்யவேண்டும். அப்போது சர்வருக்குக் கூடுதல் வசதிகளைத் தரும் மாட்யூல்களை டிஎஸ்ஓவாக, அதாவது சர்வர் கிளம்பும்போது ஏற்றிக்கொள்ளும் தனித்தனி கோப்புகளாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரே ஒரு மாட்யூல் தேவைப்பட்டாலும் மொத்த சர்வரையும் மறுபடி கம்பைல் செய்ய நேரிடும்.

2.4 வரிசையை வைத்துச் சொல்கிறேன். சி கம்பைலர், மேக், பெர்ல், பிசிஆர்இ2 (ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரி), எக்ஸ்பாட் (எக்ஸ்எம்எல் லைப்ரரி), ஹெச்டிடிபிஎஸ் வேண்டுமென்றால் ஓப்பன்எஸ்எஸ்எல், இவ்வளவும் முதலில் இருக்கட்டும். லைப்ரரி மட்டும் போதாது, ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியன் குடும்பத்தில் அவை பெயர் 'டெவ்' என்று முடியும் பேக்கேஜ்களிலும் ரெட்ஹாட் பக்கம் 'டெவெல்' என்று முடிபவற்றிலும் இருக்கும். கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். அப்புறம் அப்பாச்சிக்குத் தேவையான ஏபிஆர், ஏபிஆர்-யுட்டில் என்ற இரண்டு லைப்ரரிகளையும் தனியாக இறக்கி, சோர்ஸுக்குள் இருக்கும் எஸ்ஆர்சிலிப் அடைவில் விரியுங்கள். அடைவுப் பெயரில் பதிப்பு எண் இருக்கக்கூடாது.

அடுத்தது கான்ஃபிகர். ப்ரிஃபிக்ஸ் கொடுக்காவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் அப்பாச்சி2 என்ற அடைவுக்குப் போகும், அது நல்ல இடம்தான். வித்-இன்க்ளூடட்-ஏபிஆர் கொடுங்கள். எனேபிள்-எஸ்ஓ கொடுங்கள், லினக்ஸில் 2.4 இதைத் தானாகவே செய்துவிடும் என்றாலும் எழுதிவைப்பது நல்லது, ஏனென்றால் மற்ற மாட்யூல்களை ஏற்றுகிற மாட்_எஸ்ஓ மட்டும் டிஎஸ்ஓ ஆகமுடியாது, சர்வருக்குள்ளேயே இருந்தாகவேண்டும். எனேபிள்-மாட்ஸ்-ஷேர்டுக்கு 'ஆல்' என்றும், எனேபிள்-எம்பிஎம்ஸ்-ஷேர்டுக்கும் 'ஆல்' என்றும் மதிப்புக் கொடுத்தால், வரும் கோரிக்கைகளை எப்படிக் கையாள்வது என்று தீர்மானிக்கும் எம்பிஎம் மாட்யூல்களான ப்ரீஃபோர்க், வொர்க்கர், ஈவென்ட் மூன்றுமே தனிக் கோப்புகளாகக் கிடைக்கும், பின்னால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற கான்ஃபிகில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

மேக், மேக் இன்ஸ்டால் முடிந்ததும் சர்வர் நிரலான ஹெச்டிடிபிடியைச் சிறிய 'எல்' ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள், சர்வருக்குள்ளேயே சேர்ந்திருக்கும் மாட்யூல்களை அது காட்டும். கோர், மாட்_எஸ்ஓ, ஹெச்டிடிபி_கோர் என்ற மூன்று மட்டும் வந்தால் நினைத்தது நடந்திருக்கிறது. பெரிய 'எம்' கொடுத்தால் இப்போது ஏறியிருக்கும் எல்லா மாட்யூல்களும் தெரியும்.

மாட்யூலை ஏற்றுவது கான்ஃபிக் கோப்பில் இருக்கும் லோட்மாட்யூல் வரி. கோப்பின் பெயர் மாட்_ரீரைட் என்றிருந்தாலும் வரியில் முதலில் வருவது ரீரைட்_மாட்யூல், அதற்குப் பிறகுதான் கோப்பின் பாதை. தேவையில்லாத வரிகளுக்கு முன்னால் ஒரு ஹாஷ் போட்டுவிடுங்கள், தயங்கவேண்டாம். ஏற்றாத மாட்யூல் நினைவகத்தையும் தின்னாது, அதில் ஓட்டை வெளிப்பட்டாலும் உங்களைத் தொடாது. ஆனால் மாட்_யூனிக்ஸ்டியைத் தொடாதீர்கள், ரூட் உரிமையைக் கைவிட்டு வேறு யூசராக மாறுவது அதன் வேலை, அது இல்லாமல் சர்வர் கிளம்ப மறுக்கும். எம்பிஎம் வரிகளில் சரியாக ஒன்றுதான் திறந்திருக்கவேண்டும்.

புதிய மாட்யூல் சேர்க்க ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி இருக்கிறது. சி, ஐ, ஏ என்ற மூன்று ஆப்ஷன்களோடு சோர்ஸ் கோப்பைக் கொடுத்தால் கம்பைல் செய்து, மாட்யூல்ஸ் அடைவில் வைத்து, லோட்மாட்யூல் வரியையும் எழுதிவிடும். இதில் கவனிக்கவேண்டியது, சர்வரோடு வந்த ஏபிஎக்ஸ்எஸ்ஸையே பயன்படுத்தவேண்டும். 2.2க்குக் கம்பைல் செய்த மாட்யூலை 2.4இல் ஏற்றினால், எதிர்பார்த்தது 41503234, கிடைத்தது 41503232 என்று ஒரு பிழைச் செய்தி வரும். மிரளவேண்டாம், ஹெக்ஸில் இருக்கும் அந்த எண்களை எழுத்தாக மாற்றினால் முதலாவது 'ஏபி24', இரண்டாவது 'ஏபி22'. சோர்ஸ் 2.4க்குப் பொருந்துமென்றால் மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும். எதை மாற்றினாலும் அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டி, சரி என்று வந்தபிறகே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நீங்கள் கொடுத்த ஆப்ஷன்கள் எல்லாம் கான்ஃபிக்.நைஸ் என்ற கோப்பில் பதிவாகியிருக்கும், நிறுவிய இடத்தின் பில்ட் அடைவிலும் ஒரு பிரதி இருக்கும். 2.4இன் அடுத்த பதிப்பு வரும்போது புதிய சோர்ஸ் அடைவுக்குள் போய், ஏபிஆர் இரண்டையும் அங்கேயும் வைத்துவிட்டு, அந்தக் கோப்பை ஓட்டினால் அதே அமைப்பு கிடைக்கும். வரிசை மாறாதவரை ஏபிஎக்ஸ்எஸ்ஸில் சேர்த்த மாட்யூல்களைத் திரும்பக் கம்பைல் செய்யத் தேவையிருக்காது.