ஏஜென்ட் படிக்கப் போகிற குறிப்பு: சர்வர் இணைப்புச் சோதனை டூலை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானாக முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்டுக்கு, கூப்பிட்டுப் பயன்படுத்தக் கொடுக்கிற சிறு நிரல்களான டூல்களில், சர்வர் எட்டுகிறதா என்று பார்க்கும் டூல்தான் பெரும்பாலும் முதலில் எழுதப்படுகிறது. பத்து இருபது வரி கோடில் முடிந்துவிடும். விளக்கத்தையும் "சர்வர் இணைப்பைச் சோதிக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிப்பவர் மனிதர் என்றால் அது போதும். சந்தேகம் வந்தால் கோடைத் திறந்து பார்ப்பார், எழுதியவரையே கேட்பார். ஏஜென்டுக்கு அந்த வழி இல்லை. ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி முறையை எடுத்துக்கொண்டால், டூலின் பெயர், விளக்கம், உள்ளீடு எந்த வடிவில் வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா, இவற்றை வைத்துத்தான் எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்று மாடல் முடிவு செய்கிறது.

முதல் தவறும் பெரிய தவறும், "இணைப்பு இருக்கிறது" என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் விடுவது. ஒரு சர்வரை எட்டுவதில் பல படிகள் உண்டு. டிஎன்எஸ் பெயரை ஐபி முகவரியாக மாற்ற வேண்டும், டிசிபி இணைப்பு திறக்க வேண்டும், பாதுகாப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும், எச்டிடிபி பதில் வர வேண்டும், அனுமதிச் சீட்டான டோக்கன் ஏற்கப்பட வேண்டும், அப்புறம் பின்னாலுள்ள டேட்டாபேஸும் வேலை செய்ய வேண்டும். உங்கள் டூல் இதில் எந்தப் படி வரை போகிறது?

எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான 443ஆம் போர்ட் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால், பின்னாலுள்ள செயலி செத்துக் கிடந்தாலும் கோரிக்கைகளைப் பிரித்தனுப்ப முன்னாலுள்ள லோட் பேலன்சர் இணைப்பை ஏற்றுக்கொள்ளலாம். வாசலில் காவலாளி குரல் கொடுத்ததை வைத்து வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார் என்று முடிவுகட்டுவது மாதிரிதான் இது. "சர்வர் நன்றாக இருக்கிறது" என்று பயனரிடம் சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பிலேயே ஏஜென்ட் முட்டிக்கொள்ளும். நேர்மாறாகவும் நடக்கும்: "இருக்கிறாயா" என்று கேட்கும் ஐசிஎம்பி பிங் அனுப்பும் டூல் என்றால், பல ஃபயர்வால்கள் அதைத் தடுத்துவிடும்; இணையதளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே "எட்டவில்லை" என்று பதில் வரும்.

எதைப் பார்க்காது என்பதையும் எழுதுங்கள். "கொடுத்த முகவரியின் 443ஆம் போர்ட்டில் டிசிபி இணைப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும். டோக்கன் செல்லுமா, டேட்டாபேஸ் பதில் தருமா என்பதைப் பார்க்காது." விளக்கத்தில் ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் என்றால், நான் இரண்டாவது வாக்கியத்தையே வைத்துக்கொள்வேன்.

எங்கிருந்து சோதிக்கிறது என்பதும் விட்டுப்போகிறது. டூல் ஓடுவது எம்சிபி சர்வர் இருக்கும் கணினியில். அது பயனரின் கணினியாக இல்லாமலும் இருக்கலாம். "இதே கணினி" என்று பொருள்படும் "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால் எந்தக் கணினியைக் குறிக்கும் என்பதை எழுதியே ஆக வேண்டும். டூலுக்கு "பிங்" என்று பெயர் வைப்பதிலும் குழப்பம் உண்டு. எம்சிபியிலேயே அந்தப் பெயரில் ஓர் அழைப்பு இருக்கிறது; அது கிளையன்ட்டும் எம்சிபி சர்வரும் தொடர்பில் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது, வெறும் பதிலைத் திருப்புகிறது. பின்னாலுள்ள ஏபிஐயைச் சோதிக்கும் டூலுக்கு வேறு பெயர் வையுங்கள்.

அடுத்தது, தோல்வியை ஒரே சொல்லில் அடக்குவது. பெயர் கிடைக்கவில்லை என்றால் முகவரியைச் சரிபார்க்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் பொதுவாகக் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. டைம்அவுட் என்றால் கணினி அணைந்திருக்கலாம், ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம். 401 வந்தால் சர்வரை எட்டிவிட்டோம், பிரச்சினை டோக்கனில்; நூறு முறை திரும்ப முயன்றாலும் பயனில்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம், பொறுத்திருந்து முயல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடுத்த நடவடிக்கை வேறு என்பதால், எந்தப் பதில் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வரி எழுதிவிடுங்கள்.

இதில் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. "சர்வரை எட்ட முடியவில்லை" என்பது டூலின் பிழை இல்லை. சோதனை ஒழுங்காக நடந்து கிடைத்த விடை. டூலே ஓட முடியாமல் போனால்தான் எம்சிபி பதிலில் "இஸ்எரர்" என்பதை உண்மை என்று குறிக்க வேண்டும். இரண்டையும் கலந்தால், டூல் கெட்டுவிட்டது என்று நினைத்து ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்பக் கூப்பிடும்.

எப்போது கூப்பிடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில ஏஜென்டுகள் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு சோதனை ஓட்டும். வேறொரு டூல் இணைப்புப் பிழை தந்தால் மட்டும் இதைக் கூப்பிடு, விடை அந்த நொடிக்கு மட்டுமே பொருந்தும் என்று எழுதினால் போதும்.

டைம்அவுட் 30 என்றால் நொடியா, மில்லிநொடியா? பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் நொடியில் எண்ணுகிறது, ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் மில்லிநொடியில். அலகை அளவுருவின் பெயரிலேயே வைத்துவிடலாம். ரிக்வெஸ்ட்ஸில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் இயல்பாக அது காத்துக்கொண்டே இருக்கும் என்பதால், இயல்பு மதிப்பையும் குறிப்பிடுங்கள்.

எந்த முகவரியையும் ஏற்கும் டூல் என்றால், எவற்றை மறுக்கும் என்று எழுதி, கோடிலும் மறுக்க வேண்டும். கிளவுட் கணினிகளின் ரகசியங்கள் கிடைக்கும் 169.254.169.254 அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். டூலோடு வரும் குறிப்பில் "படிக்க மட்டும்", அதாவது எதையும் மாற்றாது, என்று இருப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது.

எழுதி முடித்ததும் கோடைக் காட்டாமல் விளக்கத்தை மட்டும் ஒரு மாடலிடம் கொடுத்து, "401 வந்தது, அடுத்து என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். திரும்ப முயல்வேன் என்று சொன்னால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.