வரிச் சண்டைச் செய்தியைப் படிக்கும்போது நம் ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலை 30. இந்தியச் சரக்குகளுக்கு ஆகஸ்ட் 1 முதல் 25 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் அறிவித்த நாள். மறுநாள் காலை கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில், கண்டெய்னரில் ஏற வேண்டிய ஸ்லாப்கள் மரச்சட்டத்திலேயே நின்றுவிட்டன. முதலாளி எனக்குத் தெரிந்தவர். "நிலவரம் தெரியட்டும், அப்புறம் அனுப்பிக்கலாம்" என்று நிறுத்திவிட்டார். ஏற்றுமதிப் பேப்பர் வேலை பார்க்கிற என்னிடம் அவர் கேட்டது மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் அந்த வாரக் கப்பல் போய்விட்டது.

ஜூலை 31-இல் கையெழுத்தான உத்தரவில் இருந்ததோ வேறு. வரி ஆகஸ்ட் 7 முதல்தான். அதற்கு முன்பே கப்பலில் ஏறி, அக்டோபர் 5-க்குள் அமெரிக்க சுங்கத்தைத் தாண்டும் சரக்குக்குப் பழைய 10 சதவீதக் கூடுதல் வரி போதும். சென்னையில் ஏற்றியிருந்தால் தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். நிறுத்திய சரக்கு செப்டம்பரில் போனது. அதற்குள் ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்ந்திருந்தது. பத்தோடு போயிருக்க வேண்டிய சரக்குக்கு ஐம்பது.

நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் வலித்தது இதுதான், அதனால் முதலில் சொல்கிறேன். அறிவிப்பு வேறு, உத்தரவு வேறு. அறிவிப்பு டிவியில் வரும், உத்தரவில்தான் தேதி, விதிவிலக்கு, வழியில் இருக்கும் சரக்குக்கான சலுகை எல்லாம் இருக்கும். 2025 ஏப்ரல் 2-இல் நமக்கு 26 சதவீதம் என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரே வாரத்தில் அதை 90 நாள் தள்ளி வைத்துவிட்டு, 10 மட்டும் வசூலித்தார்கள். உத்தரவைப் படிக்க வராது என்றால் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டைக் கேளுங்கள். கேட்காமல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது, வரியை யார் கட்டுகிறார்கள் என்பது. "அமெரிக்கா நம்மிடம் 50 சதவீதம் பிடுங்குகிறது" என்று அப்போது டீக்கடையில் பேசினார்கள். பணம் கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்யும் பார்ட்டி. அவர் கட்டுவது அவர் நாட்டு அரசுக்கு. ஒப்பந்தத்தில் டி.டி.பி. என்று போட்டு, வரியோடு சேர்த்து வீட்டு வாசலில் கொடுப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கதை மாறும். அந்த மூன்றெழுத்தைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. 2018, 2019-இல் சீனப் பொருட்கள் மேல் போட்ட வரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், அந்தச் சுமை ஏறக்குறைய முழுதாக அமெரிக்க இறக்குமதியாளர் தலையிலும் வாடிக்கையாளர் தலையிலுமே விழுந்தது என்று கண்டார்கள்.

அப்படியென்றால் நமக்குக் கவலை இல்லையா? உண்டு. அது வேறு வழியில் வரும். பார்ட்டி போன் போட்டு "விலையைக் குறை" என்பார். பெரும்பாலான நஷ்டம் இங்கேதான் நடக்கிறது, அதனால் கணக்காகவே பார்ப்போம். 100 டாலர் சரக்கு, 50 சதவீத வரி, அவருக்கு 150 ஆகிறது. நீங்கள் 10 குறைத்தால் சரக்கு 90, வரி 45, மொத்தம் 135. நீங்கள் இழந்தது 10, அவர் மிச்சப்படுத்தியது 15. வரியே விலையின் மேல்தான் போடப்படுகிறது என்பதால் உங்கள் தள்ளுபடியின் பலன் அவருக்கு ஒன்றரை மடங்கு. இது தெரிந்து பேரம் பேசினால் 10 கேட்பவரிடம் 6-க்கோ 7-க்கோ நிற்கலாம்.

தள்ளுபடியே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளரை இழப்பதற்கு அது மேல். ஆனால் கெடு வைக்காமல் கொடுப்பது பெரிய தவறு. சரக்கு அனுப்பும் முன் கொடுக்கும் விலைப்பட்டியலான புரொஃபார்மா இன்வாய்ஸில் பழைய விலையையும் எழுதி, கீழே "கூடுதல் வரிக்கான தற்காலிகத் தள்ளுபடி, வரி குறைந்த தேதியிலிருந்து செல்லாது" என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். வெறுமனே 90 என்று எழுதினால், நாளைக்கு வரி பாதியானாலும் உங்கள் விலை 90 ஆகவே நின்றுபோகும். ஏற்றிக் கேட்டால் "போன வருஷமே இந்த விலைதானே" என்பார்கள்.

எல்லாப் பழியையும் வரி மேல் போடுவது இன்னொரு தவறு. 2025 ஜூன் சீசனில் பெங்களூரா மாங்காய் கிலோ 4, 5 ரூபாய்க்கு விழுந்தது. பறிகூலிக்கே கட்டாமல் மரத்திலேயே விட்டவர்களைப் பார்த்தேன், மனசு கனத்தது. "ட்ரம்ப் வரிதான் காரணம்" என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். அப்போது நம் சரக்கு மேல் இருந்த கூடுதல் வரி 10 சதவீதம்தான். நம் மாங்கூழின் பெரிய சந்தைகள் வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும். விலையை இறக்கியது அதிக விளைச்சலும், ஏற்கெனவே தேங்கிக் கிடந்த கூழ் டிரம்களும். காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க மாட்டோம். கொள்முதல் விலையும் சேமிப்புக் கிடங்கும் பேச வேண்டிய நேரத்தில் வாஷிங்டனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அமெரிக்காவும் சீனாவும் மோதினால் ஆர்டரெல்லாம் ஓசூருக்கு வரும் என்று நம்புவதும் அந்தக் கணக்குதான். கொஞ்சம் வரும், மறுக்கவில்லை. 2018-இல் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி போட்டபோது பிரேசில் விற்றுத் தீர்த்தது. ஆனால் கல் வியாபாரத்தில் நடந்ததையும் பாருங்கள். சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை சீனாவிலிருந்து மலிவாக வருகிறது என்று 2018-இல் அமெரிக்காவில் புகார் போனது, 2019-இல் அப்படி மலிவாகக் கொட்டுவதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி டம்பிங்) வந்தது. சீனா விட்ட இடத்துக்கு இந்தியப் பலகை போனது. 2019 மே மாதமே இந்தியா மேலும் புகார், 2020 ஜூனில் நமக்கும் அந்த வரி. திறந்த கதவு ஒரு வருஷத்தில் பாதி சாத்தப்பட்டது. அதை நம்பிப் புது மெஷினுக்குக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை.

இதிலேயே ஒரு குறுக்குவழி ஆசையும் உண்டு. சீனப் பாகத்தை இறக்கி, பெட்டி மாற்றி, இந்தியத் தயாரிப்பு என்று அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம். பிறப்பிடச் சான்று என்பது பெட்டியைப் பற்றியது கிடையாது, பொருள் எங்கே உண்மையிலேயே மாற்றம் அடைந்தது என்பதைப் பற்றியது. அப்படிச் சுற்றிவிட்ட சரக்குக்கு 40 சதவீதம் என்று அதே ஜூலை 31 உத்தரவில் இருந்தது, அபராதம் தனி.

வரி விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி, அமெரிக்க வரிக்குப் பதிலடியாகச் சீனா ஏழு அருமண் (ரேர் எர்த்) தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. அதில் டிஸ்புரோசியமும் டெர்பியமும் உண்டு. மோட்டார் சூடேறினாலும் காந்தம் வலு இழக்காமல் இருப்பது அவற்றால்தான். இதனால் இந்தியா மேல் ஒரு பைசா வரி ஏறவில்லை. ஆனாலும் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் சீனாவிலிருந்து வரும் காந்தத்துக்கு அந்த விதி பொருந்தும். காந்தத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று சான்று எழுதி, முத்திரை வாங்கி, உரிமத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை நாடு முழுக்க வாகனத் தொழிலுக்கு வந்தது. ஒரு பாகம் நின்றால் அதற்குத் திருகாணி சப்ளை பண்ணும் சின்னப் பட்டறைக்கும் வேலை குறையும். ஆகவே சிப்காட் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் தன் சரக்கு எங்கே போகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, தன் பார்ட்டிக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

கடைசியாக, தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்துச் சண்டை முடிந்தது என்று நம்பும் தவறு. 2020 ஜனவரி 15-இல் அமெரிக்காவும் சீனாவும் முதல் கட்ட ஒப்பந்தம் போட்டன. 2017-இல் வாங்கியதைவிட இரண்டு வருஷத்தில் 20,000 கோடி டாலர் கூடுதலாக வாங்குவதாகச் சீனா எழுதிக் கொடுத்தது. கொரோனாவும் குறுக்கே வந்தது, அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2025 மே மாதம் ஜெனீவாவில் பேசி, சீனச் சரக்கு மேல் அமெரிக்கா போட்டிருந்த 145 சதவீதத்தை 30-க்கும், அமெரிக்கச் சரக்கு மேல் சீனா போட்டிருந்த 125-ஐ 10-க்கும் இறக்கினார்கள். அக்டோபரில் சீனா உரிமக் கட்டுப்பாட்டை விரித்ததும் அமெரிக்கா இன்னும் 100 சதவீதம் போடுவேன் என்று மிரட்டியது, அந்த மாதம் 30-ஆம் தேதியே தென் கொரியாவின் பூசானில் இரு தலைவர்களும் சந்தித்துத் தணித்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் என்று செய்தி வந்தால் நான் மூன்று விஷயம் தேடுவேன். எழுத்து வடிவம் வெளியாகிவிட்டதா, எந்தத் தேதியில் அமலாகிறது, நம் சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்ணான ஹெச்.எஸ். குறியீடு அதில் இருக்கிறதா. மூன்றாவதுக்கு ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுத்த உங்கள் பழைய ஷிப்பிங் பில்லைப் புரட்டினால் போதும், எட்டு இலக்கமாக அச்சாகியிருக்கும். அதன் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு ஏஜென்டுக்குப் போன் பண்ணுங்கள்.